இரும்பண்ணன் நடை

"இது இரும்பண்ணனே இல்லை. எவனோ கூலிக்கு நடந்திருக்கான்."

அக்கா இப்படி எழுதிப் போட்டதும் ரசிகர் குழு கொதித்துப் போய்விட்டது.

புதிதாக ஒரு விண்வெளித் தொடர் வந்துகொண்டிருந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால் வந்த பழைய தொடருக்கு மரியாதை செய்கிறோம் என்று சொல்லி, அதிலிருந்த ரோபோவை ஐந்தாவது பாகத்தில் ஒன்றரை நிமிடம் நடக்கவிட்டிருந்தார்கள். ரசிகர்கள் செல்லமாக இரும்பண்ணன் என்று கூப்பிட்ட அதே ரோபோ. அதே கவசம், அதே நீலக் கண். ஆனால் இடது காலை இழுத்து இழுத்து நடந்தது.

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குறை தேடுகிற கண். விடுமா?

'மரியாதை பண்றேன்னு கூப்பிட்டு மானத்தை வாங்கிட்டாங்க. அந்தக் காட்சியைத் தூக்குங்க. இல்லேன்னா ஒழுங்கா நடக்கத் தெரிஞ்ச ஆளை வெச்சு மறுபடி எடுங்க.'

அக்கா எழுதிய இந்த மனுவில் ஒரே வாரத்தில் ஒன்பதாயிரம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒருத்தன் தகர டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நொண்டி நடந்து வீடியோ போட்டான். அக்கா அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டாள்.

டைரக்டரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. 'நேர்ல வாங்க.'

தம்பியையும் கூட்டிக்கொண்டு போனாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். சின்ன வயதில் அப்பாவும் அம்மாவும் அடுத்த அறையில் சண்டை போடுவது காதில் விழாமலிருக்க, டி.வி. சத்தத்தைக் கூட்டிவைத்து இரண்டு பேரும் பார்த்த தொடர் அது.

டைரக்டர் சின்ன வயதுப் பெண். நாற்காலியை இழுத்துப் போட்டு, "சொல்லுங்க" என்றாள்.

"மேடம், எரியிற கப்பல்லேருந்து குழந்தையத் தூக்கிட்டுக் குதிச்சவர் இரும்பண்ணன். அப்பகூட அவர் தடுமாறல. அவரைப் போய் நொண்ட விட்டிருக்கீங்க. உங்களுக்கு அது வெறும் தகரம். எங்களுக்கு அப்படியில்ல."

அக்காவின் குரல் உடைந்தது. தம்பி அவள் தோளைத் தொட்டான்.

டைரக்டர் பக்கத்துக் கதவைக் காட்டினாள். "நடிச்சவர் பக்கத்து ரூம்லதான் இருக்கார். முதல்ல அவரைப் பாத்துட்டு வாங்க. அப்புறமும் மாத்தணும்னு தோணினா மாத்தித் தரேன்."

"பாத்துட்டா மட்டும் நடை சரியாயிடுமா?" என்று முணுமுணுத்தபடி அக்கா, அச்செடுத்துக் கொண்டுவந்திருந்த கையெழுத்துக் கட்டோடு விறுவிறுவென்று போனாள்.

அறைக்குள் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், வேட்டியை மேலே ஏற்றிவிட்டு முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அட, வாங்க வாங்க! ரசிகர் குழுதானே? நடையைப் பாத்து நான்தான்னு கண்டுபிடிச்சிட்டீங்களாக்கும்!"

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தம்பிக்கு விளங்கிவிட்டது.

"சார்... பழைய தொடர்லயும் கவசத்துக்குள்ள இருந்தது..."

"நான்தான் தம்பி. நாப்பது கிலோ அது! கப்பல் சீன்ல குதிச்சேன் பாருங்க, அன்னிக்கே முட்டி போயிடுச்சு. மிச்சப் பாகமெல்லாம் ஊசி போட்டுக்கிட்டுதான் நேரா நடந்தேன். இப்ப டாக்டர் ஊசியே கூடாதுன்னுட்டார். அதான் கொஞ்சம் இழுக்குது."

"அப்பவும் சரி, இப்பவும் சரி, உங்க பேரே போடலையே சார்?"

"நான்தான் வேணாம்னேன். உள்ள ஒரு ஆள் இருக்கான்னு தெரிஞ்சா குழந்தைங்க ஏமாந்து போயிடாதா?"

அக்கா கையெழுத்துக் கட்டை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். தம்பி அதை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

"என்னம்மா, பேச்சையே காணோம்? என்னைக் கண்டுபிடிச்சுத்தானே வந்தீங்க?"

"ஆமாங்கய்யா" என்றாள் அக்கா. "முதல் அடி வெச்சதுமே தெரிஞ்சிடுச்சு. எங்க அண்ணன் நடை எங்களுக்குத் தெரியாதா?"

சொல்லும்போதே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அவர் அவள் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார்.

"அது போதும்மா எனக்கு."

வெளியே வந்ததும் அக்கா டைரக்டரின் எதிரே போய் நின்றாள்.

"மேடம், காட்சி அப்படியே இருக்கட்டும். குழுவுல மன்னிப்பு நான் எழுதிக்கறேன். எனக்கு ஒரு சத்தியம் மட்டும் பண்ணிக் குடுங்க. நாங்க எழுதினது எதுவும் அவர் கண்ணுல படவே கூடாது. பாவம், ஒண்ணும் தெரியாத மனுஷன்."

டைரக்டர் அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"அந்தச் சத்தியத்தை என்னால பண்ண முடியாதுங்க. எல்லாத்தையும் படிச்சிட்டார். அந்த நொண்டி வீடியோவையும் பாத்துட்டார். உங்களை வரச் சொன்னதே அவர்தான். 'என்மேல இருக்கற பிரியத்துலதானே என்னையே திட்டுது அந்தப் பொண்ணு. உள்ள இருக்கறது நான்தான்னு வேற யார் மூலமாவது தெரிஞ்சா தாங்காது. நீ கூப்பிடு, நான் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துக்கறேன்'னார்."