பன்னிரண்டு கிண்ணங்கள்

"பிறந்த நாளாடி?" என்று கட்டிலில் படுத்தபடியே கேட்டாள் ஸ்மராண்டா.

டோம்னிகா மேசைமேல் புத்தம்புதுக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு கிண்ணம், பன்னிரண்டு கரண்டி, பன்னிரண்டு கைத்துண்டு. கல்லூரி திறந்த இந்த ஐந்து வாரத்தில் அவளைத் தேடி அறைக்கு ஒரு ஈ காக்கை வந்ததில்லை. இத்தனை கிண்ணம் யாருக்கு என்று ஸ்மராண்டாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"இல்ல. நாளைக்குச் செத்தவங்களுக்கான சனிக்கிழமை இல்லயா? சாப்பாடு போடறேன். மாடியில எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன்." டோம்னிகா கொஞ்சம் தயங்கினாள். "பன்னெண்டு பேரும் வரணும். வருவாங்களா?"

ஸ்மராண்டா எழுந்து உட்கார்ந்தாள். டோம்னிகா அரசாங்க அனாதை இல்லத்தில் வளர்ந்தவள் என்பது விடுதிக்கே தெரியும். எங்கேயோ இருந்த அம்மா போய்ச் சேர்ந்த தகவல் இப்போதுதான் வந்திருக்கும் போல. என்ன ஏதென்று கேட்க அவளுக்கு நா எழவில்லை.

எழாததற்குக் காரணம் இருந்தது. இரண்டு பேருக்கும் முதல் நாளிலிருந்தே ஒட்டவில்லை. டோம்னிகா வாயைத் திறக்கமாட்டாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை ஒட்டிக்கொண்டு வந்து படுத்துவிடுவாள். ரத்தம் கொடுத்தால் சாப்பாட்டுச் சீட்டு தருவார்கள். கையில் காசில்லாத பிள்ளைகள் இந்த யாஷி நகரத்தில் செய்வதுதான். அதற்காக வாராவாரமா என்று ஸ்மராண்டாவுக்கு எரிச்சலாக இருந்தது. 'எனக்கு வேறு அறை வேண்டும்' என்று வார்டனிடம் எழுதிக் கொடுத்து மூன்று நாள் ஆகிறது.

சாயங்காலம் பொதுச் சமையலறையில் டோம்னிகா தனியாக நின்று, வெந்த முட்டைக்கோஸ் இலையில் கறியும் அரிசியும் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். டீ போட வந்த எதிர் அறை ஓட்டிலியா எட்டிப் பார்த்தாள்.

"ஐயய்யோ, என்னடி இது, தலகாணி உறையா? விரல் தண்டிக்குச் சுருட்டணும்டி! உனக்கு யாரும் சொல்லித் தரலயா?"

"இல்லத்துல எண்பது பேருக்கு மொத்தமா வரும். சாப்பிட மட்டுந்தான் தெரியும்."

ஓட்டிலியா டீயை மறந்தாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். சத்தம் கேட்டு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். கடைசியில் ஸ்மராண்டாவும் வந்தாள்.

"எங்கம்மா பாதி கறி, பாதி அரிசி போடுவாங்க."

"உங்கம்மா கஞ்சப் பிசினாறின்னு இப்பத்தானே தெரியுது!"

டோம்னிகா வாய்விட்டுச் சிரித்தாள். ஒரே அறையில் இருந்தும் அந்தச் சிரிப்பை ஸ்மராண்டா அன்றைக்குத்தான் கேட்டாள். வெட்கமாக இருந்தது.

"கிறிஸ்மஸுக்கு எங்க ஊருக்கு வந்துடுடி," என்றாள் ஓட்டிலியா. "காத்தடிச்சாப் பறந்துடுவ போலிருக்க. எங்கம்மா உன்ன உருட்டி அனுப்பிடுவாங்க."

"பார்க்கலாம்டி," என்றாள் டோம்னிகா. அவள் யாரையும் 'டி' போட்டு அழைத்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் ரொட்டியையும் சர்க்கரை போட்டு வேகவைத்த கோதுமையையும் எடுத்துக்கொண்டு, ஆசீர்வாதம் வாங்கிவர அவள் கோயிலுக்குப் போனாள். "நானும் வரேன்" என்ற ஸ்மராண்டாவை வேண்டாமென்றுவிட்டாள். அவள் தலை மறைந்ததும் ஸ்மராண்டா நேராக வார்டன் அறைக்குப் போனாள்.

"அந்த லெட்டரக் குடுத்துடுங்க மேடம். மூணு வருஷமும் அவகூடவே இருந்துக்கறேன்."

மத்தியானம் அறையில் எட்டுப் பேர்தான் இருந்தார்கள். டோம்னிகா மீதிக் கிண்ணங்களைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"நாலு மீந்துடும் போலிருக்கே ஸ்மராண்டா."

"மீந்துடுமா? நான் எதுக்குடி இருக்கேன்?"

ஸ்மராண்டா வராந்தா முழுவதும் கதவு கதவாகத் தட்டினாள். தலை குளித்துக்கொண்டிருந்தவளை ஈரத் துண்டோடு இழுத்து வந்தாள். தூங்கியவளை எழுப்பினாள். இன்னும் இரண்டு பேரை மாடிப்படியில் மடக்கினாள். பத்து நிமிடத்தில் கட்டில், தரை, ஜன்னல் திட்டு என்று பன்னிரண்டு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தாயிற்று. ஒருத்தி நகர்ந்து தன் பக்கத்தில் டோம்னிகாவுக்கு இடம் போட்டாள்.

டோம்னிகா ஒவ்வொருத்தி கையிலும் நிரம்பிய கிண்ணத்தையும் ஒரு மெழுகுவத்தியையும் கொடுத்தாள். "கிண்ணத்தத் திருப்பித் தரக்கூடாது. அது உங்களுக்குத்தான்."

"தெரியும்டி. நாங்களும் ஞானஸ்நானம் வாங்குனவங்கதான்," என்றாள் ஓட்டிலியா. எல்லோரும் சிரித்தார்கள்.

மெழுகுவத்திகள் ஏற்றப்பட்டன. சிரிப்பு அடங்கியது. எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"பேரச் சொல்லி, 'ஆண்டவர் மன்னிக்கட்டும்'னு சொன்னாத்தானே சாப்பிட முடியும்?" ஓட்டிலியா குரலைத் தணித்துக் கேட்டாள். "உங்கம்மா பேரு என்னடி?"

"அம்மா பேரு எனக்குத் தெரியாது. உசுரோட இருக்காங்களான்னும் தெரியாது."

ஸ்மராண்டா திகைத்தாள். "அப்ப யாரு பேரச் சொல்றது?"

டோம்னிகா பன்னிரண்டு முகங்களையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

"டோம்னிகான்னு சொல்லுங்கடி. ஈஸ்டர் வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, அப்புறம் எனக்குன்னு செய்ய யாரு இருக்கா?"