அத்தையின் ‘வேணாம்’கள்

“எங்கம்மா பேசினதையெல்லாம் எதுக்கு கம்ப்யூட்டர்ல போட்டு நோண்டிட்டிருக்கே?”

பெஞ்சமேன் போட்ட சத்தத்தில் புதுச்சேரி உப்பளத்துக் காக்காயெல்லாம் பறந்திருக்கும். மனைவி ஒரேலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குரூப் மொத்தத்தையும் ஒரே ஃபைலாக இறக்கி வைத்திருந்தாள். ‘கிரெப்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும், கேட்ட வார்த்தை உள்ள வரிகள் மட்டும் வடிகட்டி வந்து நிற்கும். அவள் கேட்டது, மாமியார் ஏலோதியின் பேரும் ‘வேணாம்’ என்ற வார்த்தையும் சேர்ந்து வரும் வரிகளை.

பெஞ்சமேன் குனிந்து படித்தான்.

“புதுக் கண்ணாடி வேணாம், பழசே போதும்.”

“வில்லியனூர் மாதா கோயிலுக்கு கார் வேணாம், பஸ்லயே போயிக்கிறேன்.”

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. “அம்மா வேணாம் வேணாம்னு சொன்னதை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கே. கேஸ் கட்டுறியா? ரெட்டியார்பாளையத்துல தனி வீடு பார்க்க அடி போடுறியா? எங்கம்மாவை விட்டுட்டு நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்!”

ஆகா, என்ன பாசம்! அந்த குரூப்பை ஐயா மியூட்டில் போட்டு வருஷக்கணக்காகிறது. அது வேற கதை.

“கத்தாதீங்க. அத்தை பூசை முடிஞ்சு வர்ற நேரம்.”

“இது என்ன இன்னொரு ஃபைல்? ‘முடிஞ்சது’ன்னு பேர் வச்சிருக்கே?”

“ரெண்டையும் ஒப்பிடப் போறேன். முடிஞ்சதைக் கழிச்சுட்டு மிச்சத்தை மட்டும் காட்டும்.” தட்டினாள்.

திரையில் ஒரே ஒரு வரி நின்றது.

“எதிர்வீட்டு கமலா ஸ்கூட்டர்லயே பீச்சுக்குப் போயிட்டு வர்றா. எனக்கெல்லாம் வேணாம்ப்பா.”

வாசலில் ஹாரன் சத்தம். ஒரேலி துள்ளி எழுந்து ஓடினாள். பின்னாலேயே போன பெஞ்சமேன் அப்படியே நின்றுவிட்டான்.

ஒரேலி சொல்லிவைத்து ஷோரூம் ஆள் கொண்டுவந்து நிறுத்தியிருந்த, ரிப்பன் கட்டிய புது ஸ்கூட்டர். அதன் மேல், கோயிலுக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு ஏலோதி.

“போன் அன்னிவெர்சேர், அத்தை!” என்று பிரெஞ்சில் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னாள் ஒரேலி. “அறுபது ஆயிடுச்சு!”

“அடிப்பாவி, எனக்கு எதுக்குடி இதெல்லாம்?” என்றாள் ஏலோதி. வாய்தான் சொன்னது. கை ஹாரனை விடவே இல்லை. மூக்கில் புதுக் கண்ணாடி மின்ன, தெருவே வேடிக்கை பார்க்கச் சிரித்தாள்.

பெஞ்சமேனுக்கு அம்மாவின் பிறந்தநாளே அப்போதுதான் உறைத்தது. அசடு வழிந்தான்.

“ஏன் ஒரேலி, அம்மா வேணாம்னுதானே எழுதியிருந்தாங்க? அதைப் போய் ஏன் தேடினே?”

“முதல்ல ‘வேணும்’னுதாங்க தேடினேன்,” என்றாள் ஒரேலி. “அத்தை பேர்ல ஒரு வரிகூட வரலை.”