டெம்பரவரி வாத்தியாருக்கு ஒரு வேண்டுதல்

கிணற்றுப் படியில் கால் வைக்கப் போன தீர்த்தம்மாளை மேஸ்திரி தடுத்துவிட்டான்.

"இனிமே யாரும் எறங்கக் கூடாதுங்களாம் ஆத்தா. மேலயே நின்னு கயித்துல எறைச்சுக்கணுமாம். டெம்பரவரி வாத்தியார் உத்தரவு."

அம்மன் கோயில் படிக்கிணறு அது. ஆடித் திருவிழாவுக்கு முதல் குடத்தை ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் நின்று மொண்டு வர வேண்டும். அந்த உரிமை தீர்த்தம்மாள் வீட்டுக்கு. மாமியாருக்குப் பிறகு இவள்தான். அந்தப் படியைத்தான் கல் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

யுத்தகாலம். டாக்டர்களில் பலர் பட்டாளத்தோடு போய்விட்டார்கள். சர்க்கார் காலேஜ் வாத்தியார்களைப் பிடித்து, தற்காலிக உத்தியோகம் கொடுத்து ஊர் ஊராக அனுப்பியது. அப்படி இண்டூருக்கு வந்தவர் சவுரியப்பன். திருச்சியில் புழு பூச்சிகளைப் பற்றிப் பாடம் சொன்னவர். நரம்புச் சிலந்தி என்கிற புழு நோயை ஒழிக்க வந்திருக்கிறாராம்.

தீர்த்தம்மாள் நேரே அவரிடம் போனாள். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். சிலந்தி வந்த காலோடு கிணற்றில் இறங்கினால் அதன் குஞ்சுகள் தண்ணீரில் கலந்துவிடும், அந்தத் தண்ணீரைக் குடித்தவர் காலில் மறுவருஷம் புழு வெளியே வரும் என்றார்.

"எம்மவன் மாதேஸ்வரனுக்கு வருசா வருசம் கோடையில சிலந்தி வருதுங்க. ஏர் புடிக்க முடியாமக் கெடக்கறான். அம்மன் கெணத்துல காலை நனைச்சாத்தான் அவனுக்கு எரிச்சலே அடங்குது. அதையும் அடைச்சிட்டா அவன் எங்கிங்க போவான்?"

"அவனுக்காகவுந்தாம்மா அடைக்கிறேன்" என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரும் அவள் பக்கந்தான். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், அதனால்தான் அம்மன் படி கண்ணை உறுத்துகிறது என்றார்கள் சிலர். வேலையை இழு இழு என்று இழுத்து உத்தியோகத்தை நிரந்தரமாக்கிக்கொள்ளப் பார்க்கிறார் என்றார்கள் சிலர்.

தீர்த்தம்மாள் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. சாயங்காலம் விளக்கேற்றும்போது அம்மனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். தாயே, இந்த மனுசனுக்கு இந்த வேலை போகணும்.

அந்த ஆடிக்கு முதல் குடத்தைக் கயிற்றில்தான் இறைத்தாள். கண் கலங்கியது. வேண்டுதலை மட்டும் அவள் விடவில்லை.

சவுரியப்பனும் விடவில்லை. வீடு வீடாகப் போய், குடிதண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டச் சொன்னார். எதிரில் வருகிறவர்களை நிறுத்திக் காலைக் காட்டச் சொன்னார்.

"இந்த ஊர்ல யார் மொகமும் அவருக்குத் தெரியாது. காலைக் காட்டினாத்தான் பேரு சொல்வாரு" என்று தீர்த்தம்மாளின் புருஷன் மாது சிரிப்பான். அவளுக்குச் சிரிப்பு வராது.

இரண்டு கோடை போயிற்று. ஆடி பிறக்கும் நேரத்தில் ஒருநாள் காலையில் மாது வெளியே போய்விட்டு ஒரு சேதியோடு வந்தான். டெம்பரவரி வாத்தியாருக்கு வேலை போய்விட்டதாம். ரயிலேறப் பொம்மிடிக்கு வண்டி பேசியிருக்கிறாராம்.

அம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள்! தீர்த்தம்மாள் குளித்து, தேங்காயும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எதிரே சவுரியப்பன் நின்றுகொண்டிருந்தார், சொல்லிக்கொண்டு போக வந்திருந்தார்.

மாதுவுக்கு வாய் சும்மா இருக்காது.

"நீங்க நம்ப மாட்டீங்க சார். உங்களுக்கு வேலை போகணும்னு இவ பொழுதன்னிக்கும் வேண்டிக்கிட்டாளுங்க. இப்பத் தேங்கா ஒடைக்கத்தான் கெளம்பியிருக்கறா."

தீர்த்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆயிரம் இருந்தாலும் வீட்டு வாசலுக்கு வந்த மனுஷர்.

சவுரியப்பன் கோபித்துக்கொள்ளவில்லை. வாய்விட்டுச் சிரித்தார்.

"நானும் தினம் முழங்கால் போட்டு அதையேதாம்மா வேண்டிக்கிட்டேன்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் பார்வை தெருவில் இருந்தது. அங்கே ஏரைத் தோளில் போட்டுக்கொண்டு, மாடுகளை முன்னால் விட்டு, அவள் மகன் மாதேஸ்வரன் வீசி நடந்து போய்க்கொண்டிருந்தான்.

"ஊர்ல ஒருத்தர் கால்லயும் சிலந்தி இல்லேன்னாத்தானேம்மா எனக்கு இந்த வேலை போகும்?"