எட்டாவது இன்னிங்ஸ்

அந்த மின்னஞ்சலை அவள் மூன்றாவது முறையாகப் படித்தாள்.

'என் அப்பா பந்தைத் தவறவிட்டது உண்மைதான். செய்தியை நீக்கச் சொல்லவில்லை. ஆனால் அது எட்டாவது இன்னிங்ஸ். நீங்கள் ஒன்பதாவது என்று போட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்த முடியுமா? அவருக்கு எழுபத்தெட்டு வயது. நேற்று முழுவதும் சாப்பிடவில்லை.'

அவ்வளவுதான் கடிதம்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கோவையில், ஏழாவது மாடியில் அவளுக்கு வேலை. ஓர் அமெரிக்க இணையதளத்துக்காக 'பேஸ்பாலில் இந்த நாள்' என்ற பகுதியை எழுதுகிறாள். ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்தவள் இல்லை. பார்க்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. தேதிக்கு ஐந்து நிகழ்ச்சி வேண்டும். பழைய பத்திரிகைகள் கணினியிலேயே கிடைக்கும். எடுத்து, சுருக்கி, நாலு வரியில் போட்டால் தீர்ந்தது.

ஜூன் பதினான்குக்கு நாலுதான் தேறியது.

ஐந்தாவதைத் தேடி அலசியபோது லெஸ்டர் ப்ரூட்டன் அகப்பட்டார். 1974. சின்ன லீக்தான், ஆனாலும் சம்பளத்துக்கு ஆடியவர். கைக்கு நேராக வந்த பந்தைக் கோட்டைவிட்டார். அவருடைய அணி தோற்றது, கோப்பை போயிற்று.

எட்டாவது இன்னிங்ஸ் என்றுதான் பத்திரிகையில் இருந்தது.

மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். எட்டில் விட்டால், விட்டதை மீட்க அணியின் மற்ற எட்டுப் பேருக்கும் நேரம் இருக்கிறது. அப்படி எழுதினால் சுரத்தே இல்லை. அவளோ கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவள். எதுவும் கடைசி ஓவரில் நடந்தால்தான் அவளுக்குக் கதை.

எட்டை ஒன்பதாக்கினாள்.

தெரிந்தேதான் செய்தாள்.

அன்றைக்கு அந்த ஐந்தாவது செய்திதான் பிய்த்துக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கில் சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. டீம் லீடர் தீபன் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினான். அவளும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

இப்போது அதே தீபன் அவள் தோளுக்கு மேலாகக் கடிதத்தைப் படித்தான்.

"எட்டோ ஒம்போதோ, எவன் பாக்கப் போறான். மாத்தி விட்டுரு. பழைய பேப்பர்ல அப்படித்தான் இருந்துச்சுன்னு ஒரு சாரி போடு. நீயா மாத்துனேன்னு மட்டும் வாயத் தொறந்துறாத. தெரிஞ்சா உன் வேலைக்கே உலை வெச்சிருவாங்க."

அவன் நல்லதற்குத்தான் சொன்னான். அவள் அப்படியே தட்டச்சு செய்தாள்.

'மன்னிக்கவும். எங்களுக்குக் கிடைத்த பழைய பத்திரிகையில் ஒன்பது என்றே இருந்தது.'

அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. விரல் போகவில்லை.

அவள் அப்பாவுக்கு அன்னூரில் இன்றைக்கும் நெட்டு வெள்ளியங்கிரி என்றுதான் பெயர். 1996-இல் மாவட்ட வாலிபால் இறுதி ஆட்டம். அவர் போட்ட சர்வீஸ் வலையில் விழுந்தது, ஊர் தோற்றது. கடைசிப் பாயின்டில் கவிழ்த்தார் என்று டீக்கடையில் இன்றைக்கும் பேச்சு. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள்கூட, "நெட்டு வீடு இதுதானுங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அது கடைசிப் பாயின்ட் இல்லை என்று அப்பா சொல்வார். சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு விட்டுவிட்டார்.

அவளும் கேட்டதில்லை. அதுகூடப் பரவாயில்லை. கல்லூரி விடுதியில் தோழிகளைச் சிரிக்கவைக்க அந்தக் கதையை அவளே சொன்னாள். பதிமூணுக்குப் பதினாலு என்று ஸ்கோரும் சேர்த்துச் சொன்னாள். நடித்தும் காட்டினாள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இப்போது நினைத்தால் உடம்பு கூசியது.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள்.

"என்ன கண்ணு, வேலை நேரத்துல கூப்புடற? ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்லீங்ப்பா. அந்த வாலிபால் மேட்ச். நீங்க நெட்டுல போட்டப்ப ஸ்கோர் என்னங்ப்பா?"

யோசிக்கவே இல்லை அவர்.

"அஞ்சாவது செட்டு. நம்மளது பதினொண்ணு, அவங்க பன்னெண்டு. நான் நெட்டுல போட்டதும் பதிமூணு ஆச்சு. அதுக்கு மேலயும் பதினஞ்சை எட்ட அவங்களுக்கு ரெண்டு பாயின்ட் வேணும் கண்ணு."

அவள் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"ஏங் கண்ணு," அவர் குரல் சட்டென்று இறங்கியது. "யாராச்சும் கேட்டாங்களா?"

அந்தக் குரலில் இருந்த ஆசையை அவளால் தாங்க முடியவில்லை.

"நாந்தானுங்ப்பா கேட்டேன்."

"ஓ," என்றார். "சரி கண்ணு. நேரத்துக்குச் சாப்புடு," என்று வைத்துவிட்டார்.

நாற்காலிக்குத் திரும்பினாள். எழுதியிருந்ததை ஓர் எழுத்து விடாமல் அழித்தாள். வெள்ளைத் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தீபன் தூரத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, முடிந்ததா என்று சைகையில் கேட்டான்.

அவள் தட்டச்சு செய்தாள்.

'எட்டு என்று எனக்கு அப்போதே தெரியும்.'