கல்லுளிமங்கனின் நோட்டு

“இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திரிக்காதே. உனக்குப் புண்ணியமாப் போகும்!”

வாசல்வரை வந்து, கையெடுத்துக் கும்பிட்டே அனுப்பிவைத்தார் கணவர்.

அவர் கவலை அவருக்கு. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஒன்பது வருஷமாக அவள் போன் எடுக்கிறாள். ஷிஃப்ட் பொறுப்பாளர் பதவி இரண்டு முறை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போயிருந்தது. இரண்டு முறையும் ஒரே காரணம்: ‘இருக்கையில் இருப்பதில்லை.’

பொய் என்று சொல்ல முடியாது. மனசை உலுக்குகிற அழைப்பு வந்தால், வண்டி போய்ச் சேர்ந்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மாடிப்படிக்குப் போய்விடுவாள். ஐந்து நிமிஷம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வருவாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே ‘அஞ்சு நிமிஷம்’தான்.

இந்தத் தடவை அவளுக்குப் போட்டி பக்கத்து மேசைக்காரர். அவருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், கல்லுளிமங்கன் என்று. எதிர்முனையில் யார் கதறினாலும் மனிதர் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. ஒரு அழைப்பு முடிந்த கையோடு அடுத்தது. எட்டு மணி நேரமும் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அதுகூடப் பரவாயில்லை. ஒரு மாதமாக, அவள் எழுந்து போகும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நீல நோட்டில் எதையோ குறித்துக்கொள்கிறார்.

“உன்னைப் போட்டுக் குடுக்கத்தான்டி!” என்றாள் எதிர் மேசைத் தோழி. “ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துக்கிட்டு வேலையைக் காட்டறார் பாரு!”

பதவிக்கான நேர்காணல் இன்று பன்னிரண்டு மணிக்கு. பத்து மணிக்கு அவளுக்கு ஓர் அழைப்பு வந்தது. சின்னப் பெண் குழந்தை.

“ஆன்ட்டி, அம்மா எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க.”

“வீட்டுல வேற யாரு இருக்கா கண்ணு?”

“தம்பிப் பாப்பா மட்டும்தான். அவன் தூங்கறான்.”

கதவைத் திறந்து வைக்கச் சொன்னாள். அம்மாவின் மூக்கருகே கை வைத்துப் பார்க்கச் சொன்னாள். ஜன்னலில் என்ன தெரிகிறது என்று கேட்டுக் கேட்டே வீட்டைக் கண்டுபிடித்தாள். பதினோரு நிமிஷம். வண்டிக்காரர் “மூச்சு இருக்கு, ஏத்திட்டோம்” என்ற பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

ஹெட்போனைக் கழற்றப் போனாள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேலதிகாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் கணவர் கும்பிட்ட கோலம் வேறு கண்முன் வந்து நின்றது.

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துதான் பார்த்தாள். காதில் அந்தக் குழந்தையே பேசிக்கொண்டிருந்தது. இந்தக் காதை வைத்துக்கொண்டு அடுத்தவர் விலாசத்தை எப்படிக் கேட்பது?

பதவி போனால் போகட்டும் என்று எழுந்துவிட்டாள். படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

முகம் கழுவிக்கொண்டு அவள் திரும்பியபோது, கல்லுளிமங்கன் எதையோ எழுதி முடித்து நோட்டை மூடினார்.

பன்னிரண்டு மணிக்கு அவரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். நோட்டோடு உள்ளே போனார். வெளியே வரும்போது கையில் நோட்டு இல்லை. அவளை நிமிர்ந்தும் பார்க்காமல் இருக்கைக்குப் போய்விட்டார்.

“போச்சு!” என்று தோழி உதட்டை அசைத்தாள்.

அடுத்து அவள் போனாள். உள்ளே மேலதிகாரி அம்மாள் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“அந்த அஞ்சு நிமிஷம் எங்க போறீங்க?”

“அழப் போறேன் மேடம்.”

சொல்லியாகிவிட்டது. இனி மறைத்து என்ன பயன்?

“எனக்குக் கொஞ்சம் இளகின மனசு மேடம். மாத்திக்கலாம்னு ரொம்ப நாள் முட்டி மோதிப் பாத்தேன், முடியலை. சரி, பாரத்தை இறக்கி வெச்சுட்டாவது வருவோம்னு படிக்கட்டுக்குப் போறேன். அழுதுட்டு வந்தா அடுத்தவங்க சொல்றது தெளிவாக் கேக்குது.”

“முன்னாடி ரெண்டு தடவையும் இதைச் சொல்லலையே?”

“வெக்கமா இருந்துச்சு. தலைவலின்னு சொல்லிட்டேன்.”

மேலதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீல நோட்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

“உங்களுக்கு முன்னாடி வந்தவர் குடுத்துட்டுப் போனார். நீங்களே படிங்க.”

ஒன்பது வருஷ உழைப்புக்கு இந்த நோட்டில்தான் கொள்ளி வைத்திருக்கிறார் என்று நினைத்தபடியே திறந்தாள்.

பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் அவள் எழுந்து போன நேரம், வந்த நேரம், வந்தபின் எடுத்த அழைப்புகளில் செய்த பிழை. பிழை என்ற இடத்தில் மேலிருந்து கீழ்வரை ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை.’

வலப்பக்கம் அவர் தன்னைப் பற்றி எழுதியிருந்தார்.

‘எழுந்து போகவில்லை. அடுத்த அழைப்பில் கதவு எண்ணை மாற்றிச் சொன்னேன்.’

‘எழுந்து போகவில்லை. பாவம், ஒரு பெரியவர்மேல் எரிந்து விழுந்தேன்.’

‘எழுந்து போகவில்லை. தெருப் பெயரை மூன்று தடவை கேட்டேன்.’

அவளுக்கு எழுத்து கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். இன்றைய தேதி. கீழே, கோணல்மாணலாகச் சில வரிகள்:

‘அந்தக் குழந்தைகிட்ட அவங்க பேசினது பக்கத்து மேசையில எனக்கும் கேட்டுச்சு. நான் எழுந்திரிக்கலை. பொறுப்பை அவங்களுக்கே குடுங்க மேடம். அவங்ககிட்டன்னா, எனக்கும் அஞ்சு நிமிஷம் வேணும்னு கூச்சப்படாமக் கேப்பேன்.’