நேற்றே பிடித்து வைத்த தண்ணீர்

"ஊத்தாதே!" லாரி ஓட்டுநர் போடும் சத்தத்தில், மனைவியின் கையிலிருந்த வாளி தடாலென்று விழுந்து குழாய்த் தண்ணீர் கூடமெங்கும் ஓடுகிறது. போன வாரம் குழாய்த் தண்ணீரை அப்படியே மீன்தொட்டியில் ஊற்றியதில்தான் அவருடைய ஃபைட்டர் மீன் நாள் முழுக்கச் சுருண்டு கிடந்தது. இன்று தொட்டித் தண்ணீரில் கால்வாசியை மட்டும் குவளையால் மொண்டுவிட்டு, நேற்றே பிடித்து வைத்த தண்ணீரில் முழங்கையை நனைத்துச் சூடு பார்க்கிறார். கண்ணாடியோரமாக நூல் போல ஊற்றுகிறார். மீன் அசையாமல் நிற்கிறது. அவரும் மூச்சைப் பிடித்து நிற்கிறார். பிறகு ஜன்னல் வெயிலில் நீல வால் மெல்ல விரிகிறது. "நம்ம பொண்ணைக் குளிப்பாட்டறப்போ ஒரு நாளாவது இப்படிச் சூடு பார்த்திருக்கீங்களா?" தரையைத் துடைத்தபடியே கேட்கிறாள் மனைவி. அவர் மீனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அவ அழுது ஊரைக் கூட்டிடுவா. இது யார்கிட்டடி சொல்லும்?"