உட்கார்ந்திருக்கும் சிப்பாய்

மேனேஜர் மேசைமேல் வைத்த டப்பாவைப் பார்த்ததும் மாஸ்டருக்குப் பகீரென்றது.

போட்டிக் கம்பெனியின் புதுச் சரக்கு. கட்டைவிரல் உயரத்தில் ஒரு பெண் சிப்பாய். மூட்டைமேல் உட்கார்ந்து, ஒரு பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் போர் விளையாடுகிறவர்கள் மூன்று மணி நேரத்தில் மொத்தத்தையும் அள்ளிவிட்டார்களாம்.

“நமக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும் மாஸ்டர். ஆனா இதே மாதிரி இருக்கக் கூடாது.”

மாஸ்டர் இருபத்திரண்டு வருடமாக இந்தக் கம்பெனிக்கு மாவு பிசைந்து சிப்பாய் பொம்மை செய்கிறார். தோளில் மண்டையோடு, கையில் ஆளைவிடப் பெரிய துப்பாக்கி, முகத்தில் கடுகடுப்பு. போன வருடம் மண்டையோடு இடது தோளில் இருந்தது. இந்த வருடம் வலது தோளுக்கு வந்தது. அதற்குப் பெயர் புதுமை.

வாங்குகிறவர்களும் லேசுப்பட்டவர்களில்லை. ஒரு டப்பாவைப் பிரிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். அதையும் வாங்கி இதன்மேல் அடுக்கிவிட்டு, அடுத்தது எப்போது என்று கேட்பார்கள்.

மாஸ்டர் தானாக யோசித்துச் செய்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மேசையில்தான் அதைக் கொண்டுவந்து வைத்தார். சண்டை போடாத சிப்பாயை எவன் வாங்குவான் என்று மேனேஜர் சிரித்தார். மனசு கேட்காமல் மாஸ்டர் அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டார். பதினான்கு பேர் பார்த்தார்கள். அதில் ஒருவன் தொழில் தெரிந்தவன் போலிருக்கிறது.

டப்பாவில் இருந்தவளை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். மூட்டையின் ஓரத்தில் அன்றைக்கு அவர் நகம் தவறிப் பட்ட சின்னப் பள்ளம். அதைக்கூட விடாமல் காப்பியடித்திருந்தார்கள்.

ஓடிப்போய்த் தன் டிராயரிலிருந்து அசலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அடியில் தேதி கீறியிருந்தது. இவள் உங்களுடையவள்தான் என்று மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது.

மேனேஜர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. முகம் லேசாகச் சுருங்கி, உடனே சரியானது.

“தேதிய எவன் பாக்கப் போறான் மாஸ்டர்? நம்மளத்தான் காப்பின்னு சொல்லுவான். புதுசா செய்ய நேரமில்ல, இதையே எழுப்பி நிக்க வச்சிடுங்க. பூட்ஸ மாட்டி விடுங்க. தோள்ல வழக்கமா வைக்கிறதுதான்.”

ஊர் முதலில் எதைப் பார்த்ததோ அதுதான் அசல். அதற்குமேல் யாரிடம் போய் மல்லுக்கு நிற்பது? மாஸ்டர் தலையாட்டினார். தலையாட்டிய பிறகு தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

தன் இடத்துக்கு வந்து, தான் செய்தவளை இடுக்கியில் பிடித்து, மெல்லிய ரம்பத்தால் ஒரு முழங்காலை அறுத்தார். மாவு காய்ந்து இறுகிப்போயிருந்தது. வெகுநேரம் பிடித்தது.

கைபேசி அதிர்ந்தது. துணி ஆலையில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கும் அக்கா. போட்டிக் கம்பெனியின் விளம்பரப் படத்தை அனுப்பியிருந்தாள். கீழே எழுதியிருந்தாள்:

“டேய் தம்பி, இதப் பாரேன். வேலை முடிஞ்சு வந்து நான் உக்கார்ற மாதிரியே இல்ல? எந்தப் புண்ணியவானோ பக்கத்துலயே இருந்து என்னைப் பாத்த மாதிரி செஞ்சிருக்கான்டா. நீயும்தான் இருக்கியே, மண்டையோட்ட விட்டா வேற ஒண்ணும் தெரியாது.”

மாஸ்டர் அதை இரண்டு முறை படித்தார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினார். பிறகு மற்ற முழங்காலையும் அறுத்தார்.